டிஸ்ஃபியோர்டு கொம்யூன் எங்கே போயிற்று?

கேள்வி இது: வட நார்வேயின் பழைய வரைபடத்தில் நார்விக் நகரத்துக்குத் தென்மேற்கே ‘டிஸ்ஃபியோர்டு’ என்று ஒரு கொம்யூன் (உள்ளாட்சிப் பகுதி) எல்லைக்கோட்டோடு இருக்கிறது. புதிய வரைபடத்தில் அது இல்லை. அதன் வரலாறு என்ன, ஏன் மறைந்தது?

முதலில் நேரடி விடை. நூர்லான் மாவட்டத்தில் இருந்த அந்த கொம்யூன் 1869இல் பிறந்தது, 2019 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்தது. பொதுவாக ஒரு சிறிய கொம்யூன் மறைந்தால் பக்கத்துப் பெரிய கொம்யூன் அதை முழுசாக விழுங்கியிருக்கும். இங்கே நடந்தது அதுவல்ல. ஊரை இரண்டாக வெட்டி, மேற்குப் பாதியை ஹாமரோயிடமும் கிழக்குப் பாதியை நார்விக்கிடமும் கொடுத்துவிட்டார்கள். அந்த வெட்டு ஏன் அந்த இடத்தில் விழுந்தது என்று பார்த்தாலே பாதி வரலாறு கிடைத்துவிடும்.

கொம்யூன் என்பது நார்வேயின் அடிப்படை உள்ளாட்சி அலகு. ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி என்ற படிநிலை அங்கே கிடையாது. இருநூறு பேர் வாழும் உட்சிரா தீவும் கொம்யூன்தான், தலைநகர் ஓஸ்லோவும் கொம்யூன்தான். தொடக்கப்பள்ளி, முதியோர் பராமரிப்பு, குடும்ப மருத்துவர், குடிநீர், தீயணைப்பு எல்லாம் இரண்டுக்கும் ஒரே மாதிரியான பொறுப்பு. இந்த ஏற்பாடு 1837ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கியது. அடுத்த ஆண்டு அது நடைமுறைக்கு வந்தபோது புதிதாக எல்லை போட யாரும் மெனக்கெடவில்லை. ஏற்கெனவே இருந்த தேவாலயப் பங்குகளையே (ஒவ்வொரு தேவாலயத்தின் கீழும் வரும் பகுதிகளையே) எடுத்து, கிட்டத்தட்ட அப்படியே கொம்யூன்கள் ஆக்கிவிட்டார்கள். டிஸ்ஃபியோர்டு அப்போது லோடிங்கன் என்ற பெரிய கொம்யூனுக்குள் அடங்கியிருந்தது. 1869இல்தான் பிரிந்து தனியானது. அன்றைய மக்கள்தொகை சுமார் 1400.

இனி இடத்தைப் பார்ப்போம். டிஸ்ஃபியோர்டு முதலில் ஒரு ஃபியோர்டின் பெயர், அதாவது மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே புகுந்து நிற்கும் நீண்ட நீர்வழி. கொம்யூனுக்கு அந்தப் பெயர் பிறகு வந்தது. இந்த ஃபியோர்டு லோஃபோட்டன் தீவுகளுக்கு எதிர்க்கரையில் வெஸ்ட்ஃபியோர்டிலிருந்து தெற்கே திரும்பி, விரித்த கைவிரல்கள்போலப் பல கிளைகளாகப் பிரிகிறது. ஆழமான இடத்தில் 897 மீட்டர் இறங்குகிறது. கிளைகளில் நீளமானது ஹெல்லமோ. அதன் கடைக்கோடியில் ஹெல்லமோபொட்ன் என்ற குடியிருப்பு இருக்கிறது. அங்கே கரையிறங்கி 6.3 கிலோமீட்டர் மலையேறினால் சுவீடன் எல்லை. நார்வே நாட்டின் இடுப்பு மிகவும் ஒடுங்கியிருப்பது இந்த இடத்தில்தான். கொம்யூனின் மொத்தப் பரப்பு 1460 சதுர கிலோமீட்டரை ஒட்டி வரும். மனிதர்கள் இருந்தது தண்ணீர் ஓரத்தில் மட்டும், மற்றதெல்லாம் கருங்கல்.

1869இல் இந்த அமைப்பு முழுக்க அர்த்தமுள்ளதாக இருந்தது. சாலை என்று ஒன்று கிடையாது. போக்குவரத்து எல்லாம் படகில். படகில் போகிறவனுக்கு ஃபியோர்டு தடையல்ல, அதுதான் ஊரின் பிரதான வீதி. அக்கரை வீடு எதிர்வீடு. முதுகுப்பக்கத்து மலைக்கு அப்பால் இருப்பவன்தான் அந்நியன். ஆகவே தண்ணீரை நடுவில் வைத்து, சுற்றியுள்ள கரைகளையெல்லாம் ஒரே நிர்வாகமாகக் கட்டினார்கள். மேற்குக் கரையில் வடக்கே இருக்கும் கொர்ஸ்னெஸில் 1889இல் மரத்தால் தேவாலயம் கட்டினார்கள். திருமணம், ஞானஸ்நானம், அடக்கம் எல்லாவற்றுக்கும் எல்லாக் கரைகளிலிருந்தும் துடுப்புப் போட்டு அங்கே வருவார்கள். வாழ்க்கை பாதி மீன், பாதி நிலம். குளிர்கால முடிவில் ஆண்கள் லோஃபோட்டனுக்குக் காட் மீன் பிடிக்கப் போவார்கள். இரண்டு மாடு, சில ஆடு, கொஞ்சம் உருளைக்கிழங்கு, புல்வெட்டு எல்லாம் பெண்கள் பொறுப்பு. வட நார்வேக் கடலோரம் முழுக்க இதே கதைதான், நீட்ட வேண்டியதில்லை.

டிஸ்ஃபியோர்டைத் தனியாக்கியது அங்கே வாழ்ந்த லூலே சாமி மக்கள். வட ஸ்காண்டிநேவியாவின் பழங்குடிகளான சாமி மக்களுக்கு மொழி ஒன்றல்ல, பல உண்டு. அவற்றில் லூலே சாமியும் ஒன்று. சுவீடனில் லூலே ஆற்றை ஒட்டிய பகுதியும் நார்வேயில் இந்த ஃபியோர்டுப் பகுதியும் அதன் தாய்நிலம். பேசுகிறவர்கள் இரண்டு நாட்டிலும் சேர்த்து இரண்டாயிரத்தைத் தாண்ட மாட்டார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. நார்வேப் பக்கம் அந்த மொழியின் இதயம் டிஸ்ஃபியோர்டு. அவர்கள் ஃபியோர்டைத் திவ்தஸ்வுவொத்னா என்பார்கள்.

கலைமான் மேய்த்தவர்கள் கோடையில் நார்வேக் கடலோரத்துக்கும் குளிர்காலத்தில் சுவீடன் காடுகளுக்குமாக மாறி மாறிப் போய்வந்தார்கள். 1751இல் இரு நாடுகளுக்கும் இடையே எல்லை வரையப்பட்டது. அப்போது ஒப்பந்தத்தோடு ஒரு பின்னிணைப்பும் சேர்ந்தது. மந்தையோடு எல்லை தாண்டும் சாமிகளின் பழைய உரிமை தொடரும், போர்க்காலத்திலும் தொடரும் என்று அதில் எழுதினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு அரசுகளிடம் எதிர்பார்க்க முடியாத நிதானம் அது, பிற்கால அரசுகளுக்கு அந்த நிதானம் இருக்கவில்லை. காலப்போக்கில் பல குடும்பங்கள் ஃபியோர்டின் உள்கிளைகளிலேயே தங்கி மீனவ விவசாயிகள் ஆனார்கள். நார்வேஜியர்கள் வெளிப்பக்கம், சாமிகள் உள்பக்கம் என்பதுபோல ஒரு குடியமைப்பு உருவாயிற்று. உள்கிளையில் இருக்கும் முஸ்கன் ஒரு சாமிக் கிராமம், அதற்கு இன்றும் வெளியிலிருந்து சாலை இல்லை. மளிகையிலிருந்து மருத்துவர் வரை எதுவானாலும் படகுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ நூறு ஆண்டுகள் நார்வே அரசு சாமிகளை நார்வேஜியர் ஆக்கும் கொள்கையைக் கடைப்பிடித்தது. பள்ளியில் தாய்மொழிக்கு இடமில்லை. பிள்ளைகள் வீட்டைவிட்டு விடுதியில் தங்கிப் படித்தார்கள். வீட்டில் லூலே சாமி பேசிய பல பெற்றோர் தங்கள் பிள்ளைகளோடு நார்வேஜியனிலேயே பேசத் தொடங்கினார்கள். மொழி பிழைத்ததற்கு ஒரு காரணம், அரசு திட்டமிடாத ஒன்று: லேஸ்தாதியஸ் என்ற போதகரின் பெயரால் பரவிய கடுமையான கிறிஸ்தவ எழுச்சி. அதன் வீட்டுக் கூட்டங்களில் பிரசங்கமும் ஜெபமும் சாமி மொழியில் நடந்தன.

இரண்டாம் உலகப் போரின்போது எல்லைக்கு இருந்த இந்த நெருக்கம் உயிர் காத்தது. ஜெர்மனி நார்வேயைப் பிடித்திருந்தது, சுவீடன் நடுநிலை. தப்பி ஓடுகிறவர்கள் படகில் ஃபியோர்டின் உள்முனை வரை வருவார்கள். அங்கிருந்து உள்ளூர் ஆட்கள் மலை வழியாகக் கூட்டிப்போவார்கள். வழி தெரிந்தவர்களில் பெரும்பாலோர் சாமிகள். பிடிபட்டால் மரண தண்டனை. போர் முடிந்த பிறகு நாடு தன் எதிர்ப்பு வீரர்களைக் கொண்டாடியபோது இந்த வழிகாட்டிகள் நெடுங்காலம் அந்தப் பட்டியலில் இல்லை.

கிழக்குக் கரைக் கதை வேறு. அங்கே ஷோப்ஸ்விக்கில் சுண்ணாம்புக்கல் மலை இருந்தது. 1918இல் சிமெண்ட் கம்பெனி தொடங்கி, 1920இல் உற்பத்தி ஆரம்பமானது. உலகின் மிக வடக்கே இருக்கும் சிமெண்ட் ஆலை என்று அதைச் சொல்வார்கள். மீனும் மாடுமாக இருந்த கொம்யூனில் மாதச்சம்பளம், ஷிப்ட், தொழிற்சங்கம், ஆலையைச் சுற்றிய வீட்டு வரிசை என்று ஒரு தொழில் நகரம் முளைத்தது. பணமும் ஆட்களும் அங்கே குவிய, கொம்யூன் அலுவலகமும் அங்கேதான் நிலைத்தது. ஆலை பிறகு நார்செம் நிறுவனத்தின் கையில் வந்தது. இன்றும் ஓடுகிறது.

ஆக, தேவாலயமும் சாமிகளின் பெரும்பகுதியும் மேற்கே. அலுவலகமும் ஆலையும் கிழக்கே. நடுவே தண்ணீர். படகுக் காலத்தில் இது பிரச்சினையே இல்லை. கார் வந்ததும் படம் தலைகீழானது. வீதியாக இருந்த ஃபியோர்டு மதில் ஆகிவிட்டது. நார்வேயைத் தெற்கு வடக்காக இணைக்கும் ஈ6 நெடுஞ்சாலை இந்த ஃபியோர்டிடம் வந்துதான் தோற்கிறது. மேற்குக் கரையில் பொக்னெஸ், கிழக்குக் கரையில் ஸ்கார்பெர்கெட், இடையே சுமார் 25 நிமிட ஃபெர்ரி. ஈ6 முழுக்க மிச்சமிருக்கும் ஒரே ஃபெர்ரி இதுதான். உள்ளே தெற்கே போனால் மேற்கே ட்ராக் என்ற ஊர். அங்கிருந்து ஷோப்ஸ்விக்குக்கு இன்னொரு ஃபெர்ரி, முக்கால் மணி நேரம் போல. சொந்த கொம்யூன் அலுவலகத்தில் ஒரு கையெழுத்து வாங்க ட்ராக்காரர் ஃபெர்ரி நேரம் பார்த்துக் கிளம்ப வேண்டும். கடைசி ஃபெர்ரி போய்விட்டால் அன்றிரவு அக்கரைதான்.

இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் மலைகளைக் குடைந்து ஷோப்ஸ்விக்கிலிருந்து வடகிழக்கே ஈ6 வரை சாலை போட்டார்கள். நல்ல காரியம். ஆனால் அந்தச் சாலை ஷோப்ஸ்விக்கை நார்விக் பக்கம் திருப்பிவிட்டது. மேற்குக் கரை ஏற்கெனவே ஹாமரோய்ச் சாலைகளோடு ஒட்டியிருந்தது. கொம்யூன் அரசியல் ரீதியாகப் பிரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, யார் எங்கே கடைக்குப் போகிறார்கள், வேலைக்குப் போகிறார்கள் என்ற கணக்கில் அது பிரிந்துவிட்டது என்பது என் கருத்து.

அப்படியானால் ஏன் 1960களிலேயே இது நடக்கவில்லை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நார்வேயில் 1930இல் 747 கொம்யூன்கள் இருந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நிக்கொலாய் ஷெய் என்பவர் தலைமையில் ஒரு குழு அமைத்து அவற்றைக் குறைக்கத் தொடங்கினார்கள். 1967இல் எண்ணிக்கை 454. ஒன்பதாண்டுப் பள்ளிப்படிப்பைச் சிறிய கொம்யூன்கள் தாங்காது என்பது முக்கியமான வாதம். நூற்றுக்கணக்கான குட்டிக் கொம்யூன்கள் அதில் போயின. டிஸ்ஃபியோர்டு தப்பியது. சிமெண்ட் ஆலை வரி கொடுத்தது, மக்கள் இருந்தார்கள், எல்லைக்கோடும் பெரிதாக மாறவில்லை.

அந்தத் தப்பிப்பால் கிடைத்த அரை நூற்றாண்டில்தான் கொம்யூன் தன் சிறந்த காரியங்களைச் செய்தது. லூலே சாமிக்கு 1983இல் அங்கீகரிக்கப்பட்ட எழுத்துமுறை வந்தது. 1994இல் ட்ராக்கில் ஆரன் என்ற லூலே சாமி மையம் திறந்தது. அருங்காட்சியகம், மொழி ஆய்வு, வெளியீடு, குழந்தைகள் காப்பகம் எல்லாம் அதைச் சுற்றி வளர்ந்தன. 2006இல் கொம்யூன் சாமி மொழி நிர்வாகப் பகுதியில் சேர்ந்தது. லூலே சாமிக்காக அப்படிச் சேர்ந்த முதல் கொம்யூன் இதுதான். அதன் பொருள், குடிமகன் லூலே சாமியில் விண்ணப்பம் எழுதினால் அலுவலகம் அதே மொழியில் பதில் எழுத வேண்டும். ஒரு காலத்தில் பள்ளி வாசலில் நிறுத்தப்பட்ட மொழி அலுவலகக் கடிதத் தலைப்பில் ஏறியது. கொம்யூனின் அதிகாரப்பூர்வப் பெயரும் இரட்டைப் பெயராயிற்று: திவ்தஸ்வுவொத்னா – டிஸ்ஃபியோர்டு.

1987இல் கிடைத்த சின்னம் எனக்குப் பிடித்த விஷயம். மற்ற கொம்யூன்கள் கழுகு, கோடரி, படகு என்று போட்டபோது இவர்கள் சிங்கி இறாலைப் போட்டார்கள். ஐரோப்பியச் சிங்கி இறால் உலகிலேயே மிக வடக்கே வாழ்வது இந்தப் பகுதி ஃபியோர்டுகளில். ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே அது இருக்க நியாயமே இல்லை, இருந்தும் இருக்கிறது.

இன்னும் இரண்டு மூன்று விஷயங்களால் வெளியுலகம் இந்த இடத்தை அறிந்தது. ஒன்று ஸ்டெட்டின் சிகரம். தண்ணீரிலிருந்து நேரே எழுந்து 1390 மீட்டரைத் தாண்டும், உச்சி வழித்தெடுத்த தட்டை போல் இருக்கும் கருங்கல் தூண். வெளிநாட்டு வல்லுநர்கள் முயன்று தோற்றபின், 1910இல் ஷெல்டெருப், ரூபன்சன், ப்ரீன் என்ற மூவர் ஏறினார்கள். இதில் ரூபன்சன் மூன்று ஆண்டு முன்பு சிக்கிம் எல்லையில் கப்ரூ மலையின் உச்சிக்கு மிக அருகில் வரை போய்த் திரும்பியவர். 2002இல் வானொலி நேயர்கள் வாக்களித்து ஸ்டெட்டினை நார்வேயின் தேசிய மலையாகத் தேர்ந்தெடுத்தார்கள். இன்னொன்று ஓர்காக்கள், அதாவது கொலைகாரத் திமிங்கிலங்கள். 1980களின் இறுதியிலிருந்து ஹெர்ரிங் மீன் கூட்டங்கள் குளிர்காலத்தைக் கழிக்க இங்கே வந்தன. பின்னாலேயே நூற்றுக்கணக்கில் ஓர்காக்கள். கூட்டமாகச் சுற்றிவந்து மீன்களை ஒரே உருண்டையாக மேற்பரப்புக்கு நெருக்கி, வாலால் ஓங்கி அடித்து, மயங்கிய மீன்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்னும் அவற்றின் உத்தியை ஆய்வாளர்கள் அருகிலிருந்து பார்த்தது இங்கேதான். சுற்றுலாவும் வந்தது. பிறகு ஹெர்ரிங் இடம் மாறியது, ஓர்காவும் போயிற்று, சுற்றுலாவும் போயிற்று. லெய்க்னெஸ் பாறையில் சுமார் 9000 ஆண்டுகளுக்கு முன் யாரோ தேய்த்துத் தேய்த்து வரைந்த விலங்குகளில் ஓர்காவும் இருக்கிறது. ஆக அது வருவதும் போவதும் பழைய கதையாக இருக்க வேண்டும்.

ட்ராக்கிலும் ஒரு தொழில் உண்டு. இங்கே கிடைத்த தூய குவார்ட்ஸில் தொடங்கிய வேலை, பிறகு அமெரிக்காவின் வட கரோலினாவில் ஸ்ப்ரூஸ் பைன் என்ற ஊரில் வெட்டியெடுக்கும் குவார்ட்ஸைக் கப்பலில் கொண்டுவந்து இங்கே மேலும் சுத்திகரிப்பது வரை போயிற்று. கணினிச் சில்லுக்கும் சூரியத் தகட்டுக்கும் வேண்டிய சிலிக்கானை உருக்கும் கிண்ணங்கள் அந்தக் குவார்ட்ஸில் செய்யப்படுகின்றன.

இருண்ட பக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. 2016இல் ஒரு நாளிதழில் ஊரைச் சேர்ந்த ஆண்களும் பெண்களும் தாங்கள் அனுபவித்த பாலியல் கொடுமைகளை வெளிப்படையாகச் சொன்னார்கள். போலீஸ் விசாரணை 2017இல் முடிந்தபோது 151 சம்பவங்கள் பதிவாகியிருந்தன, சில பல பத்தாண்டுகள் பழையவை. முன்பே வந்த புகார்களைக் கவனிக்கத் தவறியதற்குப் போலீஸ் மன்னிப்புக் கேட்டது. இதைச் சாமிப் பண்பாட்டின் குறை என்று சிலர் எழுதினார்கள், எனக்கு உடன்பாடில்லை. எல்லாரும் எல்லாருக்கும் உறவு, புகார் கொடுக்கப் போகிற இடத்திலும் உறவுக்காரர், அதோடு அரசு அலுவலகங்கள்மீது தலைமுறையாய்ச் சேர்ந்த அவநம்பிக்கை. இந்த மூன்றும் சேர்ந்த எந்த ஊரிலும் வாய் அடைத்துப்போகும்.

அப்புறம் முடிவு. 2014இல் தொடங்கிய புதிய சீர்திருத்தம் மறுபடி கொம்யூன்களைக் குறைக்கக் கிளம்பியது. 428இலிருந்து 356 ஆனது. டிஸ்ஃபியோர்டில் மக்கள்தொகை இரண்டாயிரத்துக்குச் சற்றுக் கீழே இறங்கியிருந்தது. இவ்வளவு பேருக்கு, இரண்டு கரையிலும் தனித்தனியாகப் பள்ளி, மருத்துவர், முதியோர் இல்லம் என்று நடத்துவது எந்தப் பட்ஜெட்டையும் முறிக்கும். முழுசாக யாரோடு சேர்வது என்ற கேள்விக்கு இரண்டு கரைக்கும் பொதுவான விடை இல்லை. 2017 ஜூன் 8 அன்று நாடாளுமன்றம் பிரிவை உறுதி செய்தது. 2020 ஜனவரி 1 முதல் ட்ராக், கொர்ஸ்னெஸ், முஸ்கன், ஹெல்லமோபொட்ன் எல்லாம் ஹாமரோய். ஷோப்ஸ்விக்கும் ஸ்டெட்டினும் நார்விக். அதே சீர்திருத்தத்தில் ஸ்னில்ஃபியோர்டு என்ற இன்னொரு கொம்யூனை மூன்றாகவே பங்கு போட்டார்கள்.

சாமி மொழிக்கு இதில் லாபமா நட்டமா? என் கணிப்பில் இரண்டும். பேசுகிறவர்களில் பெரும்பாலோர் மேற்கே இருந்ததால் அவர்கள் சிதறவில்லை. ஹாமரோய் இப்போது ஹாப்மெர் என்ற சாமிப் பெயரையும் தாங்கி, இருமொழி நிர்வாகத்தைத் தொடர்கிறது. ஆனால் தன் பெயரிலேயே லூலே சாமிகளின் ஃபியோர்டைச் சுமந்த ஓர் ஆட்சிமன்றம் இல்லாமல் போனது சின்ன விஷயமல்ல. ஃபியோர்டின் இரு கரையும் இன்று இரண்டு மன்றங்களில் விவாதிக்கப்படுகின்றன.

ஆவணங்களில் தேடப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. டிஸ்ஃபியோர்டின் கொம்யூன் எண் 1850. புள்ளிவிவரங்களில் அந்த எண் 2019ஓடு நின்றுவிடும்; பிறகு ஹாமரோய் 1875, நார்விக் 1806 என்ற எண்களின்கீழ் பார்க்க வேண்டும். நார்வே தேசிய ஆவணக் காப்பகத்தின் இணைய வாசல் இலவசம். 1865 மக்கள் கணக்கெடுப்பில் இந்தக் குடும்பங்களை லோடிங்கனுக்குக் கீழேயும், 1875 முதல் டிஸ்ஃபியோர்டுக்குக் கீழேயும் தேடுங்கள். அந்தப் பழைய படிவங்களில் இனத்துக்கென்று தனிக் கட்டம் உண்டு. சாமிகளை அங்கே ‘லாப்’ என்று குறித்திருப்பார்கள். இன்று அது இழிசொல், ஆனால் தேடும்போது அந்தச் சொல்லைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.